எந்தப் பட்டியலில் எழுதுவது?

உதவித் திட்டத்துக்குப் பெயர் பதியப் போன ஒரு வீட்டில், “இந்தப் பட்டியல் யார் யாரிடம் போகும், தம்பி?” என்று அந்த அக்கா கேட்டார். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி போகும் என்றேன். அங்கிருந்து எங்கே என்றார். தெரியாது என்றேன். “அப்படியென்றால் என்னை முன்னாள் போராளி என்று எழுத வேண்டாம். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எழுதுங்கள்.”

எழுதினேன். கணவர் பிரிந்து போனவர் என்பதால் அதுவும் பொய்யில்லை. ஆனால் முன்னாள் போராளிகளுக்கான பட்டியலில் தொழில் உதவியோடு மருத்துவச் செலவுக்கும் உளவளத்துணைக்கும் நிதி இருந்தது. மற்றதில் கோழிக்குஞ்சுகளும் கூடும் மட்டும்தான். அவருடைய முதுகில் எறிகணைத் துண்டு இருப்பதும் இரவில் தூக்கம் வராததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அவருடைய பயத்தை வீண் பயம் என்று தள்ள என்னால் முடியவில்லை. இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்த பின், புலிகள் இயக்கத்தோடு இருந்ததாகச் சொல்லி ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். தையலோ தச்சோ பழகி, சான்றிதழோடு வீடு திரும்பினார்கள். அந்தச் சான்றிதழ் பொதுமன்னிப்பு அல்ல. அதைக் கையில் வைத்திருந்தவர்களும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மறுபடி கைதாகியிருக்கிறார்கள். ஊருக்குள் நடக்கும் விசாரணை வேறு: அத்தனை பேர் செத்த இடத்திலிருந்து நீ மட்டும் எப்படி வந்தாய்? 2016இல், முகாமில் விஷ ஊசி போட்டார்கள் என்ற சந்தேகம் பரவிய நாட்களில், பக்கத்து வீட்டார் இவர்களைப் பார்த்த பார்வையையும் நான் கண்டிருக்கிறேன். உதவி வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெயரைச் சுமந்துகொள் என்கிறது படிவம். நலம் கெட்டதில் பாதி அந்தப் பெயரால்தான்.

இதெல்லாம் 2018இன் நடுப்பகுதியில். அந்த நவம்பரில் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான், அதைச் செய்தது அந்தக் குண்டுவெடிப்புகளை நடத்திய சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிந்து அவரை விட்டார்கள். நான் செய்தது சரி என்று மனம் சொன்னது. ஒருவர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்ததில் எனக்கு ஆறுதல் கிடைத்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. வவுணதீவுக்குப் பிறகு அக்காவின் வீட்டுக்கும் புலனாய்வாளர்கள் வந்து போனார்கள். அவர்களிடம் முகாம் காலத்துப் பட்டியலே இருக்கிறது. எங்கள் படிவம் அவர்களுக்கு எதற்கு? அப்படியானால் சிகிச்சையை விட்டுக்கொடுத்து அவர் எதைக் காப்பாற்றினார்? இதைத்தான் என் சக அலுவலர் கேட்டார்: “அவர் வேண்டாம் என்றால், நீ நின்று பேசியிருக்க வேண்டாமா?” பேசியிருக்கலாம். ஆனால் விசாரணையில் இருந்து வந்த ஒருவரிடம், சம்மதிக்கும்வரை பேசுவது எந்த இடத்தில் விசாரணையாக மாறும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் உடனே ஒத்துக்கொள்வார் என்பதும் என் தயக்கத்துக்குக் காரணம். முகாம் அவர்களுக்கு நன்றாகப் பழக்கிவிட்ட ஒன்று அது.

அடுத்த ஆண்டு, பட்டியலை மாற்றலாமா என்று கேட்டேன். மகன் பள்ளிக்கூடம் போகிறான், வேண்டாம் என்றார். முதுகு வலிக்குச் சொந்தக் காசில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதாகச் சொன்னார். அந்த ஆண்டும் முன்னாள் போராளிகளுக்கான மருத்துவ நிதி முழுதாகச் செலவாகவில்லை. மிச்சத்தைத் திருப்பி அனுப்பினோம்.