ஆளும் கேட்டோம், நேரமும் கேட்டோம்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர் இல்லாத குறை, பாடவேளை மாறும் நேரத்தில்தான் முதலில் தெரியும். மணி அடிக்கும், நாற்காலிகள் இழுபடும், ஒரு ஆசிரியர் போய் இன்னொருவர் வருவார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நாளிலேயே கடினமான நிமிடங்கள் இவை. அடுத்து என்ன என்று பட அட்டையில் காட்டவும், சத்தம் தாங்கவில்லை என்றால் வெளியே கூட்டிப் போகவும் ஒருவர் இருந்தால் சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால் அடுத்த பாடவேளை முழுக்கக் கெடும். அந்தப் பிள்ளையோடு சேர்த்து வகுப்புக்கே கெடும்.

பொதுப்பள்ளி ஒன்றில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். எங்கள் உதவியாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் நிர்வாகம் அந்த இடத்தை நிரப்பவில்லை. மிஞ்சியவர் வகுப்பு வகுப்பாக ஓடிக்கொண்டிருந்தார். பெற்றோர் கொதித்துப்போய் வந்தார்கள், நியாயம்தான்.

முதல் கூட்டத்தில் பிள்ளைகளின் படத்தைப் போட்டு உதவி கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது என்றேன். இரக்கத்தில் வரும் பணம் ஒருமுறை வரும், அடுத்த ஆண்டு யாரிடம் கேட்பது? தவிர, தன் முகத்தைக் காட்டித் தனக்காகக் கையேந்துவதை ஒரு பிள்ளை ஏன் பார்க்க வேண்டும்? 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 24-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. பொதுக் கல்வி அமைப்புக்கு உள்ளேயே அவர்களுக்குத் தேவையான ஆதரவு கிடைக்க வேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால், 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி என்ற திசையை ஏற்றார்கள். ஒரு அப்பா அந்த 24-ஆம் பிரிவைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். அதன் பிறகு யாரும் கெஞ்சும் குரலில் பேசவில்லை.

அடுத்து வகுப்பாசிரியர்களிடம் ஒரு பதிவேடு கொடுத்தோம். பிள்ளையின் பெயர் வேண்டாம். எந்த நேரம், என்ன பாடம், உதவி இல்லாததால் என்ன நின்றுபோனது, இவ்வளவுதான். சிலர் முதலில் அலுத்துக்கொண்டார்கள், ஏற்கெனவே எழுத்துவேலை அதிகம். ஆனால் பக்கங்கள் சேரச் சேர ஒன்று தெளிவானது. சிக்கல் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. பாடவேளை மாறும்போதும், நிறைய எழுத வேண்டிய பாடங்களிலும் குவிந்திருந்தது. 'உதவி போதவில்லை' என்ற புகாருக்கு நிர்வாகம் எப்படி வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். நேரமும் வகுப்பும் குறித்த பதிவேட்டைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

எனக்கும் பெற்றோருக்கும் கருத்து வேறுபட்ட இடமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்திலேயே ஒரு ஷேடோ டீச்சர் வேண்டும் என்றார்கள். மைக்கேல் ஜியாங்கிரெகோவும் குழுவினரும் அமெரிக்காவில் செய்த 1997 ஆய்வைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் ஒருவர் எப்போதும் ஒட்டி உட்கார்ந்தால் பிள்ளை சக மாணவரிடமிருந்து விலகுகிறது, வகுப்பாசிரியரும் அதை அந்த உதவியாளரின் பொறுப்பாக விட்டுவிடுகிறார். பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் பிரிட்டனில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இன்னும் சங்கடமானது. உதவியாளரிடம் அதிக ஆதரவு பெற்ற பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். அது உதவியாளர்களின் குற்றமில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட நேரமும் இல்லை.

“அப்போ ஆளே வேண்டாங்கிறீங்களா மிஸ்?” என்று ஒரு அம்மா கேட்டார். அவர் மகளுக்கு வலிப்பு வரும். அந்தப் பயத்துக்கு ஆய்வு பதில் ஆகாது. அவளுக்கு முழுநேரமும் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று மனுவில் தனியாகவே எழுதினோம். மற்றவர்களுக்கு, குறிப்பிட்ட பாடவேளைகளில் பயிற்சி பெற்ற உதவியாளர், அதோடு வாரந்தோறும் வகுப்பாசிரியரும் உதவியாளரும் நானும் சேர்ந்து திட்டமிட ஒரு பாடவேளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி, அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே தனிக் கல்வித் திட்டம், எழுதி வைத்திருக்கிறோம். அதை எடுத்துப் பேச நேரம் இல்லையென்றால் அது அலமாரிக் காகிதம்தான்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்துப் போட்டதுதான் பெரிய திருப்பம் என்பேன். அவர்கள் எதிர்ப்பார்கள் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. மனுவோடு அந்தக் கையெழுத்துகளும் போனபின் அப்படிச் சொல்ல வழியில்லை.

காலி இடம் நிரம்பிவிட்டது. வலிப்பு வரும் பிள்ளைக்குத் தனி உதவியாளர் வந்திருக்கிறார். திட்டமிடும் பாடவேளை கால அட்டவணையில் ஏறிவிட்டது. சத்தம் தாங்காத பிள்ளைகள் சற்று ஓய்வெடுக்க ஒரு அறை கேட்டதற்கு மட்டும் இடமில்லை என்கிறார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்த அறை ஒன்று இருக்கிறது. அடுத்த மனுவில் அதன் அளவையும் எழுதித் தரப்போகிறோம்.