சிவப்பு கிளிப்

பெப்ரவரி 19
பதுளை அண்ணன் கேட்டே விட்டார். "எல்லாரும் ஒரு நாள் நேர்ல பார்ப்போமா?" ஓட்டிசம் உள்ளவங்க சேர்ந்த எங்க போன் குழுவுல யாரும் பதில் போடல. எல்லாரும் பார்த்தாச்சுன்னு மட்டும் காட்டுது.

பெப்ரவரி 20
மஸ்கெலியா தங்கச்சி ஒரு மேகப் படம் அனுப்பியிருக்கா. அவ "சரி"ன்னு சொல்ற விதம் அதுதான்.

பெப்ரவரி 22
இடம் ஹட்டன். மார்ச் 9, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை டவுன் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டாம போக வழி இல்ல. கொட்டகலையில இருந்து காலையில முதல் பஸ்ல போயிட்டா கூட்டம் சேருறதுக்குள்ள உள்ள போயிரலாம். ஆனா அப்ப ரெண்டு மணித்தியாலம் முன்னாடியே அங்க இருக்கணும். எங்க உட்கார்றது?

பெப்ரவரி 25
கடையில மத்தியானம் ஒரு அம்மா வந்தாங்க, கையில கசங்கின ஃபைல். மகனோட ரிப்போர்ட் எல்லாம் போட்டோகொப்பி எடுக்கணுமாம். மேல இருந்த தாள்ல ஓட்டிசம்னு எழுதியிருந்தது. மகன் படியில நின்னான். நல்ல உயரம், மீசை வந்திருச்சி. மெஷின் மூடிக்கு அடியில அந்தப் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் அவன் தலையும் கூடவே போச்சு. எனக்கும் அந்த வெளிச்சம் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த காரணத்துல அதுவும் ஒண்ணு.

"ஸ்கூல் முடிஞ்சுது பிள்ள. கிளினிக்ல சின்னப் பிள்ளைகளத்தான் பார்க்குறாங்களாம். இனி இவன எங்க கூட்டிப் போறது?" அவங்க என்கிட்டக் கேட்கல. பேப்பரைப் பார்த்துக் கேட்டாங்க. கடையில ஆள் நின்னதால நான் கணக்கை மட்டும் சொன்னேன்.

2009ல வந்த ஒரு ஆய்வு: இலங்கையில 18 மாசத்துல இருந்து 24 மாசக் குழந்தைகள்ல 93 பேருக்கு ஒருத்தருக்கு ஓட்டிசம். எல்லாரும் அந்தக் கணக்கைச் சொல்றாங்க. அந்தக் குழந்தைகளுக்கு இப்ப மீசை வந்திருச்சின்னு யாராவது சொல்றாங்களா? எந்த லயத்து வரிசை வீட்டுத் தொங்கல்ல, கடைசிக் காம்பராவுக்குள்ள, யார் வீட்டு முன்பக்க இஸ்தோப்புல, கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க அவங்க? எனக்கே முப்பது தாண்டி, கொழும்புக்குப் போய்க் காசு கட்டித்தான் அந்தப் பேர் கிடைச்சது. அதுவரைக்கும் திமிர் பிடிச்சவ, ஊமைக் குசும்பி.

நம்பர் குடுத்திருக்கலாமா? அந்தப் பையன்கிட்டக் கேட்காம அம்மாகிட்டக் குடுக்குறது சரியா?

மார்ச் 1
மேல் லயத்துல காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாச்சு. இனி ராத்திரி ராத்திரி தப்பு மேளம்.

மார்ச் 2
நேற்று நல்லாத் தூங்கினேன். அம்மாவுக்கு ஆச்சரியம். பக்கத்துக் காம்பராவுல கரண்டி விழுந்தா எழும்புறவ தப்புச் சத்தத்துல எப்படித் தூங்குறான்னு. தப்பு அடிக்கிற தாத்தா எப்ப அடியை மாத்துவார், எப்ப நிறுத்துவார்னு சின்ன வயசுல இருந்தே தெரியும். உடம்பு முன்னாடியே தயாரா இருக்கும். எப்ப வரும்னு தெரியாத சத்தம்தான் என்னைக் கொல்லும்.

மார்ச் 3
துணிக் கிளிப் வாங்கினேன். பதுளை அண்ணன் சொன்ன யோசனை. அமெரிக்காவுல ஜிம் சின்க்ளேயரும் கூட்டாளிகளும் 1996ல ஒரு முகாம் தொடங்கினாங்க, ஓட்டிசம் உள்ளவங்க தங்களுக்காகத் தாங்களே நடத்தினது. அங்க சட்டையில கலர் அட்டை மாட்டிக்குவாங்க. சிவப்புன்னா என்கிட்டப் பேச வராதீங்க. மஞ்சள்னா எனக்குத் தெரிஞ்சவங்க மட்டும் வாங்க. பச்சைன்னா பேச ஆசை, ஆனா எனக்குத் தொடங்க வராது, நீங்க தொடங்குங்க.

அந்தப் பச்சை. அதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

நாங்க அட்டைக்குப் பதிலா கிளிப். வாங்கின கடையில பச்சையும் மஞ்சளும் இருக்கு, சிவப்பு இல்ல. சிவப்பு இல்லாம இது நடக்காது. வேண்டாம்னு சொல்ல முடியாத இடத்துல சரின்னு சொல்றதுக்கு என்ன பெறுமதி?

மார்ச் 5
அம்மா: "முன்ன பின்ன தெரியாத ஆளுங்களப் பார்க்கப் பொம்பளப் புள்ள தனியாப் போறதா?" பறிச்ச தேயிலைக் கொழுந்து குறைஞ்சதால இன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். களைப்பு. நான் பதில் சொல்லல. அந்தப் படியில நின்ன பையன் ஞாபகம்.

மார்ச் 7
தலவாக்கலைக் கடையில சிவப்பு கிளிப் கிடைச்சது!

மார்ச் 7, ராத்திரி
அம்மாகிட்டச் சொல்லிப் பார்த்தேன். எடின்பரோவுல கெதரின் குரொம்ப்டன்னு ஒருத்தங்க செஞ்ச ஆய்வு, 2020ல வந்தது. எட்டுப் பேர் வரிசையா. முதல் ஆளுக்கு ஒரு கதை சொல்லணும், அவர் அடுத்தவருக்கு, அப்படியே கடைசி வரைக்கும். எட்டுப் பேரும் ஓட்டிசம் உள்ளவங்கன்னாலும் கதை நல்லாப் போய்ச் சேர்ந்துச்சு, எட்டுப் பேரும் இல்லாதவங்க வரிசை மாதிரியே. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கலந்த வரிசையிலதான் கதை நிறையச் சிந்திப் போச்சு.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நீ சொல்றது எனக்குப் பாதிதான் வந்து சேருதா?"

"நீங்க சொல்றதும்தான் அம்மா."

"சரி, போயிட்டு வா. ரொட்டி சுட்டுத் தர்றேன்."

மார்ச் 8
வயிற்று வலி. சிவப்பு கிளிப்பை பேக்ல வெளிப் பக்கம் வச்சிட்டேன்.

மார்ச் 9
டியூஷன் வகுப்பு நடக்கிற மாடி அறை. டியூப்லைட் ரீங்காரம் போட்டது. நான் வாய் திறக்கும் முன்னாடி பதுளை அண்ணன் எழும்பி லைட்டை அணைச்சார். யாரும் ஏன்னு கேட்கல.

மஸ்கெலியா தங்கச்சி சிவப்பு மாட்டிக்கிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தா. யாரும் போகல. ரொட்டியைப் பக்கத்துல வச்சிட்டு வந்தேன். தலவாக்கலை தம்பி தவறணையில, தேயிலை நாற்றுப் பண்ணையில, வேலை செய்றவன். விபிக் கன்று, அதாவது தண்டு வெட்டி வளர்க்கிற தேயிலைக் கன்று பத்தித் தொடங்கினான். டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026னு தேயிலை ரகங்கள், எது எந்த மலைக்கு, எந்த இலை எப்படி மடங்கும். நாலு இலை கொண்டு வந்திருந்தான். வரிசையா மேசையில வச்சு, விரலை இலை ஓரத்துல ஓட்டச் சொன்னான். ஒண்ணுல பல் கூர்மை, இன்னொண்ணுல மழுங்கல். ரொம்ப நேரம் பேசினான். யாரும் மணி பார்க்கல, பேச்சை மாத்தல. முடிஞ்சதும் தங்கச்சி போன்ல டைப் பண்ணிக் காட்டினா: "திரும்பச் சொல்லுங்க."

நான் யாரோட கண்ணையும் பார்க்கல. யாரும் என் கண்ணைத் தேடல. மத்தவங்க இதை விருந்துன்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு விருந்துதான்.

மார்ச் 10
லீவு. பேச்சு வரல. அம்மா கேட்கல. தேத்தண்ணி தலைமாட்டுல இருந்துச்சு.

மார்ச் 11
இன்னும் வரல. பரவாயில்ல.

மார்ச் 13, போயா, பௌர்ணமி
காமன் எரிப்பு. ரதி அழுறதைப் பார்த்துத் தோட்டமே அழுதுச்சு. நானும் கூட்டத்துக்கு நடுவுல நின்னேன், சட்டையில மஞ்சள் கிளிப்போட. தப்புத் தாத்தா பார்த்துட்டுக் கேட்டார். சொன்னேன். "எனக்கு ஒண்ணு குடு, சிவப்பு"ன்னார்.

மார்ச் 17
அந்த அம்மா திரும்ப வந்தாங்க, இந்தத் தடவை அடையாள அட்டைக் கொப்பி. கடையில வேற ஆள் இல்ல. மகனும் வந்திருந்தான். முதல்ல அவன்கிட்டப் போனேன். மெஷின் பக்கத்துல வந்து வெளிச்சத்தைப் பார்க்கிறியான்னு கேட்டேன். வந்தான். மூடியைத் திறந்து வச்சு வெறும் தாள் எடுத்தோம். குழுவைப் பத்திச் சொன்னேன். அவன் எதுவும் சொல்லாம, போனை நீட்டினான்.

"அங்க டொக்டர் யாரும் இருப்பாங்களா பிள்ள?"ன்னு அம்மா.

"இல்லம்மா. எங்கள மாதிரி ஆளுங்கதான்."

"எங்களன்னா?"

"என்ன மாதிரி. உங்க மகன் மாதிரி."

அவங்க என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம்னு தெரியல. குழுவுல கேட்கணும்.

மார்ச் 18
அடுத்தது தலவாக்கலை, ஏப்ரல்ல. தவறணையப் பார்க்கலாமாம். தம்பி தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட அனுமதி கேட்கணும். அவனுக்குப் பதிலா கடிதத்தை நான் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கேன், நாளைக்குக் கடை மூடின பிறகு