ஒன்பது ரயில், நாலு பேர், ஒரே பர்ஸ்

ஆறு பேர் போவதாகத்தான் பேச்சு. விமான டிக்கெட் போடும் நாளில் நாலு பேர் மிஞ்சினோம். ஒருவனுக்கு வீட்டில் கல்யாணம், இன்னொருவன் கடைசி வரை "பாக்கலாம்டா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கல்லூரி நண்பர்கள் என்றால் இது வழக்கம்தானே.

முதலில் பேசியது ஐரோப்பா. யூரெயில் பாஸ் ஒன்று எடுத்தால் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம் என்று ஒரு வாரம் கனவு கண்டோம். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்தது, பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களுக்கும் இரவு ரயில்களுக்கும் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் காசு. ஷெங்கன் விசா கட்டணம் மட்டும் 90 யூரோ. ஐரோப்பா அங்கேயே முடிந்தது.

அப்போதுதான் எங்கள் கணக்கர் ஒரு யோசனை சொன்னான். அவன் நிஜத்தில் கணக்கர் இல்லை, ஹாஸ்டல் மெஸ் கணக்கு பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். "ஒவ்வொருத்தரும் எவ்வளவு செலவு பண்ண முடியும்னு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க. இருக்கறதுலயே குறைஞ்ச தொகைதான் எல்லாருக்கும் பட்ஜெட். அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது." குறைந்த தொகை 60,000 ரூபாய் என்று வந்தது. விமானம், விசா, தோசை, டக்டக் எல்லாம் அதற்குள். யாரும் கேட்கவில்லை. இந்தப் பயணத்துக்கு நாங்கள் செய்த திட்டமிடலிலேயே உருப்படியானது இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் நடந்தது.

60,000 என்றதும் வரைபடம் தானாகச் சுருங்கிவிட்டது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தியர்களுக்கு அப்போது விசா வேண்டாம். லாவோசில் எல்லையிலேயே வாங்கிக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ரயிலிலேயே பினாங்கு, பாங்காக், லாவோசில் வியஞ்சான், லுவாங் பிரபாங், பிறகு பாங்காக் திரும்பிச் சென்னைக்கு விமானம். பன்னிரண்டு நாள், 2025 பிப்ரவரி 5 முதல் 16 வரை.

தேதி குறித்ததில்தான் தவறு செய்தோம். சலுகை விலை என்று விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டோம். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது தாய்லாந்தின் இரவு ரயில்களை. படுக்கைகள் குறைவு, விடுமுறை நாட்களில் உடனே தீர்ந்துவிடும். பாங்காக்கிலிருந்து 11ஆம் தேதி இரவு கிளம்புவதாகத் திட்டம். மறுநாள் 12 மாக பூஜை, பௌத்தர்களுக்குப் பெரிய நாள், அரசு விடுமுறை. பாங்காக்கிலிருந்து வியஞ்சான் பக்கத்தில் உள்ள கம்சவாத் வரை நேராகப் போகும் ரயில் ஒன்று 2024 ஜூலையில்தான் தொடங்கியிருந்தது. ஆசை ஆசையாகத் தேடினால் அதில் படுக்கையே இல்லை. எல்லை ஊரான நோங் காய் வரை போகும் ரயிலில் நாலு இடம் கிடைத்தது, மூன்று மேல் படுக்கை, ஒரு கீழ் படுக்கை. வீட்டில் வேறு கோபம். 11ஆம் தேதி தைப்பூசம். "பத்துமலை வரைக்கும் போயிட்டு நாலு நாள் முன்னாடியே கிளம்பறியே" என்று அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

டிக்கெட் போடும்போது கார்டு மூன்று முறை மறுக்கப்பட்டது. இணையதளத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் பார்த்தேன், என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நானே இயக்கி வைத்திருக்கவில்லை. நம் ஊர் கார்டுகளில் அதை வங்கி ஆப்பில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும்.

எதை முன்பதிவு செய்வது, எதை விடுவது என்பதும் போகப் போகத்தான் பிடிபட்டது. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார ரயில், சுமார் நாலு மணி நேரம், இது முன்பதிவு. பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் பினாங்குத் தீவுக்குப் போய் ஒரு நாள் தங்கினோம். அங்கிருந்து தாய்லாந்து எல்லையான பாடாங் பெசாருக்குக் கொம்யூட்டர் ரயில், நம் புறநகர் ரயில் மாதிரி. பதிவே கிடையாது, கவுண்டரில் பதினொரு ரிங்கிட் சில்லறை கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லை. கோலாலம்பூரிலிருந்து நேராக எல்லைக்கே விரைவு ரயில் உண்டு. ஆனால் இப்படி உடைத்துப் போனதில் காசும் மிச்சம், ஒரு ஊரும் கூடுதல்.

கோலாலம்பூரில் நாங்கள் தங்கியது பிரிக்ஃபீல்ட்ஸ். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பகுதி, அந்தக் காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் குடியிருந்த இடம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய பெரியவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். ரயிலில் தாய்லாந்து என்றதும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய தாத்தாவின் தம்பி தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடப் போனவராம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே போட வைத்த பாதை அது. "போனவரு போனவருதான். காயிதம்கூட வரல." அன்று இரவே விடுதியில் உட்கார்ந்து பாங்காக்கில் வைத்திருந்த ஷாப்பிங் நாளை அடித்துவிட்டு, அந்தப் பாதை ஓடும் காஞ்சனபுரி என்று எழுதினோம்.

பாடாங் பெசாரில்தான் பர்ஸ் விவகாரம். பொதுச் செலவுக்காக எல்லோரும் காசைக் கணக்கரிடம் கொடுத்துவிட்டோம். இடுப்பில் ஒரு பை கட்டிக்கொண்டு கோயில் தர்மகர்த்தா மாதிரி வலம் வந்தான். நாலு பேருக்கும் ஒரே பர்ஸ், ஒரே நோட்டுப் புத்தகம், எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்த நிலையத்தில் மலேசியா, தாய்லாந்து இரண்டு குடிநுழைவும் ஒரே கட்டடத்தில். கணக்கர் முதல் ஆளாக முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அடுத்து எங்கள் 'சைவம்'. அதிகாரி திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், சரி என்றார். "பணம்?" என்றார். இவன் பாக்கெட்டைத் துழாவி எடுத்துக் காட்டியது பன்னிரண்டு ரிங்கிட்டும் ஒரு பாக்கெட் பர்ஃபியும். அந்தப் பக்கம் நிற்பவனிடம்தான் எங்கள் பணம் இருக்கிறது என்று கை காட்டினான். அந்தப் பக்கம் நின்றவன் அப்போது பார்த்துக் கழிப்பறைக்குப் போயிருந்தான்.

அதிகாரி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். வரிசை முழுக்கப் போய் முடிந்த பிறகு கணக்கர் ஈரக் கையோடு ஓடி வந்து பையைத் திறந்து காட்ட, மூவருக்கும் முத்திரை விழுந்தது. தவறு முழுக்க எங்களுடையது. சுற்றுலாவுக்கு வருகிறவன் கையில் செலவுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்பது அங்கே வழக்கம்தான். அன்றிலிருந்து எல்லைக்கு முந்தின நிலையத்தில் பணத்தை நாலாகப் பிரித்து, எல்லை தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ப்போம். கணக்கருக்கு அதில் பெரிய வருத்தம்.

அதே நிலையத்தில் இன்னொரு கூத்து, இதற்கு முன்னால் நடந்தது. மேலே சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த ஒருவன் "டேய், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இதுதான்" என்று அலற, தட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினோம். கடைக்காரம்மா பின்னாலேயே வந்து ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம், கடிகாரத்தில் இருப்பது மலேசிய நேரம், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. திரும்பிப் போய் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

தாய்லாந்து இரவு ரயிலைப் பற்றி நம் ஊர் ஸ்லீப்பரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கை நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கும், திரை உண்டு. சாயங்காலம் பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்து, மேல் பலகையை இறக்கி, வெள்ளை விரிப்பு போட்டுவிட்டுப் போவார். ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம் ஆகாது. கீழ் படுக்கை நல்ல அகலம், ஜன்னலும் உண்டு. மேல் படுக்கை குறுகல், ஜன்னல் கிடையாது, முகத்துக்கு நேரே விளக்கு. விலை வித்தியாசம் நூறு பாட் அளவுக்குத்தான், அன்றைய கணக்கில் சுமார் 250 ரூபாய். ஒவ்வொரு முறையும் மேல் படுக்கை யாருக்கு என்று கேட்கும் முன்பே எங்களில் ஒருவன் கை தூக்கிவிடுவான். "எனக்கு மேலதான்டா தூக்கம் வரும்." சரி என்று விட்டுவிட்டோம்.

சைவத்துக்குச் சாப்பாடுதான் பாடு. காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு கலந்திருக்கும். பாங்காக்கில் விடுதிப் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். மஞ்சள் பலகையில் சிவப்பில் 17 என்று எழுதியது போல ஒன்று தெரியும். அது எண் இல்லை, 'ஜே' என்ற தாய் சொல், புலால் சேர்க்காத உணவு. அதன் பிறகு எந்தத் தெருவுக்குப் போனாலும் அவன் கண் பதினேழைத் தேடியபடியே இருந்தது.

காஞ்சனபுரிக்குத் தொன்புரி நிலையத்திலிருந்து காலையில் ரயில். வெளிநாட்டவருக்கு 100 பாட், ஏசி கிடையாது, ஜன்னல் முழுக்கத் திறந்தது. கூடையில் சோறும் கோழியும் மாங்காயும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குவாய் ஆற்றுப் பாலத்தில் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கீழே ஆறு. நடுவில் மரக்கால்கள் மேல் பாதை. ரயில் நடக்கிற வேகத்துக்கு வந்தது. கையை நீட்டினால் பாறையைத் தொடலாம், உளி வெட்டிய தடம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். 415 கிலோமீட்டர் பாதையை 1942-43இல் ஒரே வருடத்தை ஒட்டி ஜப்பானியர்கள் போட வைத்தது இப்படித்தான். திரும்பி வந்து ஊரில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கிட்டத்தட்ட 7,000 கற்கள், வெட்டிய புல், அவற்றில் பெயர், வயது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் அந்தக் கைதிகளைவிட அதிகம் பேர் செத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் அவர்கள் பெயர் இல்லை. வாழையிலைக் கடைப் பெரியவருக்கு அனுப்பலாம் என்று போட்டோ எடுக்கப் போனேன். எதை எடுப்பது என்று தெரியாமல் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நோங் காயில் இறங்கி நட்புறவுப் பாலத்தைப் பேருந்தில் கடந்தோம். லாவோஸ் விசா 40 டாலர், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று. டாலர் நோட்டு மடிப்பு, கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பாலம் முடிந்து ஒரு சிக்னலில் வண்டி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. மூன்று நாடுகளில் அங்குதான் முதல் முறையாக வேறு நாட்டுக்கு வந்துவிட்ட உணர்வு. திட்டமிடும்போது ஒரு விதியைத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். விசா இல்லாமல் தரைவழியாகத் தாய்லாந்துக்குள் அப்போது ஒரு ஆண்டில் இரண்டு முறைதான் நுழைய முடிந்தது. பாடாங் பெசாரில் ஒன்று, லாவோசிலிருந்து திரும்பும்போது ஒன்று, சரியாக இரண்டு. நடுவில் கம்போடியாவுக்கும் ஒரு எட்டுப் போகலாம் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டிருந்தால் மாட்டியிருப்போம். நாங்கள் போன பிறகு, 2025 மே 1 முதல், தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு அது ஏற்கெனவே உண்டு.

லாவோஸ்–சீனா ரயில் 2021 டிசம்பரில் தொடங்கியது. நிலையம் ஊருக்கு வெளியே, விமான நிலையம் மாதிரி பெரிதாக. பாஸ்போர்ட் காட்டி, பையை ஸ்கேன் செய்துதான் உள்ளே. சென்ட் ஸ்ப்ரே, கத்தரிக்கோல் எதுவும் கூடாது. என் ஸ்ப்ரே அங்கேயே போய்விட்டது. லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம். மலைதான் அழகு, ஆனால் சுரங்கங்களுக்கு நடுவே மின்னல் மின்னலாகத்தான் தெரியும். ஒருவன் வீடியோ எடுத்தான், பாதி வீடியோ கறுப்பு. லுவாங் பிரபாங்கில் இரண்டு நாள் சும்மா இருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான், நன்றாக இருந்தது.

லாவோஸ் பணம் கிப். அப்போது ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 250 கிப், ஒரு வேளைச் சாப்பாடு ஐம்பதாயிரம். நோட்டுப் புத்தகத்தில் கணக்கருக்குப் பூஜ்யம் எழுத இடம் போதவில்லை.

சென்னை விமான நிலையத்தில் காபி வாங்கி உட்கார்ந்து மொத்தம் போட்டோம். ஆளுக்கு 57,400 ரூபாய். அதில் ஒன்பது ரயிலுக்கும் சேர்த்து 13,000 சொச்சம், விமானங்கள் 19,000. ஒவ்வொருவருக்கும் 2,600 திரும்பக் கிடைத்தது. மேல் படுக்கைக்காரன் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கணக்கர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பில்லைப் படித்துக்கொண்டிருந்தான்.

மீதி 46,000 கிப். லாவோசைத் தாண்டினால் அதை மாற்றித் தருகிறவர்கள் அரிது. மொத்த மதிப்பு இருநூறு ரூபாய்கூட இல்லை. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 11,500 கிப், ஆனால் ஐந்நூறு கிப் நோட்டு எங்கள் யாரிடமும் இல்லை. ஆகவே கணக்கு இன்னும் முடியவில்லை என்று கணக்கர் அறிவித்துவிட்டான். இடுப்புப் பை அவனிடமேதான் இருக்கிறது.