நல்ல கண்ணுக்கு எதுக்கு ஊசி?

"கெட்ட கண்ண உட்டுட்டு நல்ல கண்ணுல ஊசி குத்தறதா? என்னப்பா நாயம் இது?"

பாலக்கோடு பக்கமிருந்து மகனோடு வந்த அம்மா கேட்டது இது. கண் பரிசோதிக்கும் நாங்கள் இதே கேள்வியை வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறோம். அன்று சொன்ன பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்ன விதம்தான் உறுத்துகிறது.

வலது கண்ணில் 2 மீட்டர் தூரத்தில் விரல் எண்ணும் அளவுதான் பார்வை. இடது கண் 6/12, அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும். இரண்டிலும் பொரை ஆபரேஷன் முன்பே முடிந்து, லென்ஸ் சுத்தமாக இருந்தது. பின்ஹோல் என்ற சிறு துளைத் தட்டை வைத்தும் வலது கண் ஒரு வரிகூடத் தேறவில்லை. கண்ணாடி பவரில் கோளாறு என்றால் அந்த 1.2 மி.மீ. துளை வழியே பார்க்கும்போது எழுத்து தெளியும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டிருந்தால் தெளியாது, சிலருக்கு இன்னும் மங்கும். விழித்திரையைக் குறுக்காக வெட்டியது போலக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் வலது கண்ணின் நடுவில் கெட்டித் தழும்பு. இடது கண்ணில் விழித்திரைக்கு அடியில் கறுப்பாக ஒரு மேடு, அதாவது நீர். வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவில் நீர் கசியும் வகை.

மாகுலா என்பது விழித்திரையின் நடுவில் சுமார் 5.5 மி.மீ. அகலமுள்ள வட்டம். அதற்குள் ஃபோவியா 1.5 மி.மீ., அதன் அடியிலுள்ள குழி 0.35 மி.மீ. அந்தக் குழியில் இருப்பதெல்லாம் நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்பு செல்கள்தான். வெளிச்சம் தடையில்லாமல் விழ வேண்டும் என்பதால் அங்கே விழித்திரையின் ரத்தக் குழாய்கூடக் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து அடியிலுள்ள, ரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு படலத்திலிருந்து வருகிறது. அந்தப் படலத்திலிருந்து வேண்டாத குழாய்கள் முளைத்து மேலே கசிவதுதான் இந்த நோய். நீராக இருக்கும்வரை ஊசி மருந்து அதை வற்ற வைக்கலாம். தழும்பாகிவிட்டால் மேலே இருந்த கூம்புகள் செத்துப்போயிருக்கும். மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

வலது கண் இவ்வளவு கெட்டதை அந்த அம்மா எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று மகன் கோபப்பட்டார். இதில் ஆச்சரியமே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் கெட்ட கண்ணின் குறையை நல்ல கண் மறைத்துவிடும். ஓரப் பார்வைக்குச் சேதம் இல்லாததால் நடக்கலாம், பஸ் ஏறலாம். அவர் செய்யும் வேலையான புளியில் கொட்டை எடுப்பது கைப்பழக்கம், அதற்குக் கண்ணே வேண்டாம்.

அதனால்தான் ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரம், உள்ளே 5 மி.மீ. கட்டங்கள், நடுவில் புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தூரத்தில், ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள், அழுத்தினாலோ திறந்ததும் அந்தக் கண் மங்கும். உள்ளங்கையைக் குவித்து மூடுவதே நல்லது. "கோடு நேரா இருக்கா?" என்று கேட்டால் "இருக்குதுங்க" என்றுதான் பதில் வரும், பரீட்சையில் பாஸாவது போல. "புள்ளிய விட்டுக் கண்ண எடுக்காதீங்க, எங்க நெளியுது, எங்க அழிஞ்சிருக்கு, விரல் வெச்சுக் காட்டுங்க" என்றால் உண்மை வரும். இடது கண்ணில் புள்ளிக்கு ஒட்டினாற்போலவே விரல் வைத்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. ஸ்கேன் படத்தைக் காட்டியும் அவர் அசையவில்லை. அவருடைய இடது கண்ணைக் கையால் மூடி, மகன் பக்கம் திருப்பி, "பையன் தெரியறாரா?" என்றேன்.

"சட்ட தெரியுது. மூஞ்சிதான் இல்ல."

"ஊசி போடலன்னா இந்தக் கண்ணும் இப்படித்தான் ஆகும்."

கையைத் தட்டிவிட்டார். மகன் ஒத்துக்கொண்டார். சேலத்தில் முதல் ஊசி போட்டார்கள். மாதம் ஒன்றாக மூன்று என்று சொல்லியிருந்தும் இரண்டாவதற்குப் போகவில்லை. போன் செய்தபோது மகன், "போட்டும் ஒண்ணும் தெளியலேங்கறாங்க சார், புளி சீசன் முடியட்டும்" என்றார்.

6/12 அப்படியே 6/12 ஆக நின்றிருந்தால் அது மருந்து வேலை செய்ததாகத்தான் அர்த்தம். அதைச் சொல்லவே இல்லையே என்றால், சொன்னோம், பயத்துக்குப் பிறகு சொன்னோம். பயந்தவர் காதில் அது ஏறியிருக்காது. ஆனால் பயமுறுத்தாமல் இருந்திருந்தால் முதல் ஊசிக்கே போயிருப்பாரா? மருந்து 0.05 மி.லி.தான், மரப்புச் சொட்டு போட்டு வெள்ளை விழி வழியே குத்துவதால் பெரிதாக வலிக்காது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லியும் திரும்பிப் போனவர்கள் உண்டு. பஸ் செலவும், கூட வரும் ஆளின் ஒரு நாள் கூலியும்கூடக் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் நம் வாய்மேல் போட்டுக்கொள்வதும் ஒருவித அகந்தைதான்.

இப்போது வரிசையை மாற்றியிருக்கிறோம். கெட்ட கண்ணைப் பற்றி முதலிலேயே பேசி முடித்துவிடுகிறோம். சுவரில் ஓதம் ஏறும்போதே தண்ணீரை நிறுத்தினால் காய்ந்துவிடும், காரை உதிர்ந்த பிறகு நிறுத்தினால் உதிர்ந்தது உதிர்ந்ததுதான் என்றால் புரிகிறது. அடுத்து, ஊசி போட்டதும் பளிச்சென்று தெரியாது, இருப்பது நின்றாலே லாபம் என்கிறோம். ஊசிக்குப் பிறகு சில நாளில் வலி கூடினாலோ பார்வை இறங்கினாலோ இரவென்று பாராமல் வர வேண்டும், அது தொற்றாக இருக்கலாம் என்பது கடைசி. கண்ணை மூடிக் காட்டுவதை நிறுத்திவிட்டோம். இந்த வரிசையில் கேட்டவர்களில் சிலர், "பார்வ கூடாதுன்னா எதுக்குங்க செலவு" என்று முதல் ஊசிக்கு முன்பே எழுந்து போகிறார்கள்.