இரண்டு ஏஏ செல், ஒரு பழைய பவர்ஷாட்: வாங்கினவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தது

மும்பையில் எங்கள் வட்டாரத்தில் கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் கேமராவை ஒரு காலத்தில் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். 2008 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மாடல். 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், கை நடுங்கினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஐஎஸ் வசதி, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். சக்திக்கு இரண்டு ஏஏ செல், அதாவது பென்சில் பேட்டரி. விலையும் கட்டுப்படியாகும் என்பதால் ஊருக்குப் போகும்போது, கல்யாணத்துக்குப் போகும்போது என்று வாங்கினார்கள். அப்புறம் போன் வந்து எல்லாம் பீரோவுக்குள் போயின.

நான் பழைய காம்பாக்ட் (கையடக்கக் கேமரா) ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் இந்த ஏ590 பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு கொடுத்தார்கள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் “அது செல்லைத் தின்னும் சார்” என்றார். சயான் கோலிவாடாவில் எங்கள் மாடிவீட்டு மாமா, “கடற்கரையில வீடியோ எடுத்தா கோடு கோடா விழுந்துது, டிஃபெக்ட் பீஸ்” என்றார். தாராவியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, “வெயில்ல அதை அடிச்சுக்க ஆளில்ல தம்பி. ராத்திரி மட்டும் தொடாதீங்க, ஹேங் ஆயிரும்” என்றார். அக்கா மகள் இந்த மாடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால், “சிசிடி சென்சார் மாமா, கலர் வேற லெவல்” என்று அடித்துச் சொன்னாள். சென்சார் என்பது ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதிக்கும் சில்லு, சிசிடி அதில் ஒரு பழைய வகை.

ஒரே கேமராவுக்கு இத்தனை முகமா என்று தோன்றியது. அதையே வாங்கி, இவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வாங்கியது கோட்டைப் பகுதியில், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தை ஒட்டிய போரா பஜார் பக்கம். மூவாயிரத்துக்குள் பேசி முடித்தேன். பழைய காம்பாக்டுகளுக்கு இப்போது மவுசு கூடியிருப்பதால் கடைக்காரர்கள் முன்போல இறங்கி வருவதில்லை. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, லென்ஸ் மாற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 2010-ல் 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது 20 லட்சத்துக்கும் கீழே. புதிதாக மலிவு விலையில் வருவது குறைந்துவிட்டதால் பழையதற்கு அடிபிடி.

கடையில் முதலில் செல் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். ஏஏ செல் போடும் பழைய கேமராக்களில் முதலில் போவது அந்த மூடியின் பிளாஸ்டிக் கொக்கிதான். அது உடைந்து ரப்பர் பேண்டு போட்டு விற்கிற பீஸ்களும் உண்டு. லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மணல் போயிருக்கிறது என்று அர்த்தம், அதையும் விட்டுவிடலாம். இதைவிடப் பழையதை, அதாவது 2002 முதல் 2004 வரையிலான மாடல்களை, மும்பையில் வாங்குவதானால் இன்னும் கவனம் வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊர்களில் அந்தக் காலத்துச் சிசிடி சில்லுகள் சிலவற்றின் உள்ளிணைப்பு விட்டுப்போய் படம் கறுப்பாகவோ கலங்கலாகவோ வந்தது. 2005-ல் பல கம்பெனிகள் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏ590 அந்தக் கதைக்குப் பிற்பட்டது.

முதலில் செல். இதில்தான் அதிக நாள் உட்கார்ந்தேன்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரணச் செல்லைப் போட்டேன். லென்ஸ் வெளியே வந்தது, ஃப்ளாஷ் அடித்தது, உடனே சிவப்பு எச்சரிக்கை காட்டி அணைந்துவிட்டது. அதே செல்லை எடுத்து மறுபடி கடிகாரத்தில் போட்டேன், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. கடிகாரத்துக்குத் தேவை சொட்டுச் சொட்டாக மின்சாரம். கேமராவுக்கு லென்ஸ் மோட்டாரும் ஃப்ளாஷும் ஒரே நேரத்தில் கேட்கிற மின்சாரம் அதிகம். அப்படி இழுக்கும்போது செல்லின் வோல்டேஜ் சட்டென்று சரியும், கேமரா செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஆல்கலைன் இதைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் அதுவும் பாதி தீர்ந்ததும் இதே கூத்துதான்.

ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டதும் காட்சி மாறியது. உறையில் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், ஆல்கலைனில் 1.5. எண்ணைப் பார்த்து இது பலவீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே மின்தடை குறைவு என்பதால் எவ்வளவு இழுத்தாலும் வோல்டேஜ் அவ்வளவாகச் சரியாது. காலையில் மாட்டுங்கா, மாலையில் கடற்கரை என்று திரையை அணைக்காமல் சுற்றியும் ஒரே ஜோடி தாங்கியது.

இந்தச் செல்களுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் சார்ஜ் இறங்கிவிடும். 2005 கடைசியில் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இப்போது அது பானசோனிக் பெயரில் கிடைக்கிறது. மேஜைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி எந்தச் செல் போட்டீர்கள் என்று கேட்டேன். “கிடைச்சது போட்டேன் சார்” என்றார். அண்ணாச்சி இந்த விஷயத்தில் தெளிவு: “கடியாரத்துக்குப் போடுத செல்லைப் போட்டுட்டு கேமராவைத் திட்டுதாங்க. அது என்ன பண்ணும் பாவம்?”

ஜோடி ஜோடியாக மார்க்கரில் அ, ஆ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நல்ல செல்லோடு ஒரு தேய்ந்த செல் சேர்ந்தால் தேய்ந்தது இரண்டையும் கெடுக்கும். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துகிற வகையாக இருக்க வேண்டும். ஃப்ளாஷ் அடித்தபின் அடுத்த படத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், அது இரண்டு செல் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் பொது. செல் மாற்றும்போதெல்லாம் தேதி அழிந்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல்லை மாற்றினால் போதும்.

அடுத்தது அக்கா மகளின் கலர். அவளையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளுக்குப் போனேன். கதம்பம், மல்லி, கனகாம்பரம், செவ்வந்தி என்று நம் ஊர்க் கடைத்தெரு போலவே இருக்கும் இடம். பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனிலும் கேமராவிலும் மாறி மாறி எடுத்தோம். கேமராப் படம் அழுத்தமாக, நிழல் கறுப்பாக வந்தது. போன் படத்தில் நிழலுக்குள் கூடை கூடத் தெரிந்தது.

“பாத்தியா மாமா, சிசிடி!” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிசிடியோ, போன்களில் இருக்கும் சிமாஸோ, சென்சார் வெளிச்சத்தை அளக்கிறது, அவ்வளவுதான். நிறம் வருவது அதன் மேல் இருக்கும் வண்ண வடிகட்டியிலிருந்தும் கேமரா செய்கிற கணக்கிலிருந்தும். போன் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி நிழலைத் தூக்கிவிடுகிறது. இந்தக் கேமரா ஒரே படத்தை எடுத்து அப்படியே கொடுக்கிறது. முகத்தில் நேராக ஃப்ளாஷும் அடித்தால் 2008-ல் எடுத்த கல்யாண ஆல்பம் தயார். பிள்ளைகளுக்குப் பிடிப்பது அதுதான். “காரணம் எனக்கெதுக்கு மாமா, நல்லா இருக்குல்ல?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் கவனித்தேன். வெயில் பட்ட செவ்வந்தியும் சிவப்பு ரோஜாவும் இதழ் தெரியாமல் ஒரே வண்ணத் திட்டாக வந்தன. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 2/3 என்று வைத்ததும் இதழ்கள் திரும்பின. பூ எடுப்பவர்கள் இதை முதலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மாடிவீட்டு மாமா சொன்ன கோடுகளைத் தேடி தாதர் சௌபாட்டிக்குப் போனேன். சூரியன் சாயும் நேரம். வீடியோவில் சூரியனைக் காட்டியதும் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று விழுந்தது. போட்டோவாக எடுத்தால் கோட்டைக் காணோம்! சிசிடியில் ஒவ்வொரு புள்ளியின் மின்னூட்டமும் வரிசையாக நகர்ந்துதான் வெளியே வரும். வெளிச்சம் கூடுதலாக விழும் இடத்தில் அது நகரும் பாதைக்குள் கசிந்துவிடும். ஆங்கிலத்தில் ஸ்மியர் என்கிறார்கள். போட்டோ எடுக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்வதால் கசிய வழியில்லை. மாமாவிடம் சொன்னேன். கேமராவைப் பத்து வருடம் முன்பே எடைக்குப் போட்டுவிட்டாராம். முகம் கொஞ்சம் வாடியது, பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்றைக்கு வியூஃபைண்டரின் அருமையும் தெரிந்தது. எதிர்வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடி வழியே தெரிவது எடுக்கப்போகும் படத்தைவிடக் கொஞ்சம் குறுகலானது, ஓரம் அதிகமாகவே பதிவாகும். பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம்.

ராத்திரிச் சோதனை மரைன் டிரைவில். கடலோரக் கட்டைச்சுவரில் கேமராவை வைத்து, ஐஎஸ் அணைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 80, மேனுவலில் 4 நொடி, இரண்டு நொடி டைமர். ராணியின் நெக்லஸ் என்று சொல்கிற அந்த விளக்கு வளைவு முழுசாகப் படத்தில் வந்தது. இந்த விலைக்கு இப்படியொரு படத்தை நான் எதிர்பார்க்கவில்லை. படம் எடுத்தபின் கேமரா இன்னும் 4 நொடி அப்படியே நின்றது. அண்ணாச்சி சொன்ன ‘ஹேங்’ இதுதான்! நீண்ட நேரம் திறந்திருந்தால் சென்சாரில் தானாகவே புள்ளிகள் தோன்றும். ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து அந்தப் புள்ளிகளைக் கழிக்கிறது.

ஆனாலும் அண்ணாச்சியின் தீர்ப்பைத் தள்ளிவிட முடியவில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது நாலு நொடி நிற்கச் சொல்ல முடியுமா? கையில் பிடித்து ஐஎஸ்ஓ 400-க்கு மேல் போனால் படம் மணல் மணலாக ஆகிறது, 1600 பெயரளவுக்குத்தான். சென்சாரின் பரப்பு சுமார் 25 சதுர மில்லிமீட்டர். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 864. விழுகிற வெளிச்சமே அவ்வளவுதான். ஐஎஸ் நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. ராத்திரி வீட்டு விசேஷத்துக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

யாரும் சொல்லாத ஒன்று, ஜூனில் மழை பிடித்ததும் தெரிந்தது. இங்கே செப்டம்பர் வரை பீரோவில் வைத்த தோல் செருப்பே பூசணம் பூக்கும். லென்ஸ் உள்ளே ஃபங்கஸ் வந்தால் காம்பாக்டைப் பிரித்துத் துடைக்க ஆகும் கூலிக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறேன். நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்தெடுத்து மறுபடி போடுகிறேன். அரிசி டப்பாவுக்குள் மட்டும் வைக்காதீர்கள், அந்த மாவுத்தூசி லென்ஸ் இடுக்கில் போய்விடும்.

மழையில் வெளியே போக முடியாத நாட்களில் சிஎச்டிகே போட்டுப் பார்த்தேன். கேனான் காம்பாக்டுகளுக்காக ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் அது. மெமரி கார்டிலிருந்து ஓடுகிறது, கேமராவின் சொந்த மென்பொருளை மாற்றுவதில்லை. கார்டின் பூட்டுப் பொத்தானைத் தள்ளிவைத்தால் தானாக ஏறும், திறந்துவிட்டால் பழைய கேமரா. நம் கேமராவின் ஃபர்ம்வேர் (அந்தச் சொந்த மென்பொருள்) பதிப்புக்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். நான் 2 ஜிபி கார்டு போட்டேன். இப்போது ரா படம், அதாவது கேமரா கணக்குப் போட்டு மாற்றாத சென்சார் பதிவு, எடுக்க முடிகிறது. ஒரு படம் ஏறக்குறைய 10 எம்பி. எழுதி முடிக்க நேரமாகிறது, ஆனால் செவ்வந்தியின் இதழ்களை இதில் இன்னும் கொஞ்சம் மீட்க முடியும் என்று தோன்றுகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் ஸ்கிரிப்டும் உண்டு. ஜன்னலில் வைத்து மேகம் நகர்வதை எடுத்தேன். திரை எரிந்துகொண்டே இருந்ததால் ‘ஆ’ ஜோடி நடுவிலேயே தீர்ந்தது. திரையை அணைத்துக்கொண்டு ஓடும் ஸ்கிரிப்டை அடுத்த விடுமுறையில் போட்டுப் பார்க்க வேண்டும்.