மூன்றுக்கு ஒரு கிளைசின்

எந்தப் பக்கம் போனாலும் கொலாஜன் பவுடர் விளம்பரம். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம்தான் கொலாஜன். அதன் வடிவம் பிடிபட்டது நம்ம சென்னையில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1954-55இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னது இது: அமினோ அமிலங்களைக் கோத்த மூன்று சங்கிலிகள் சடை போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. எல்லாச் சங்கிலியிலும் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் தவறாமல் கிளைசின். ஏன் அதுவே? மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் துளி இடம்கூடக் கிடையாது. கிளைசினின் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. அங்கே அது மட்டும்தான் சரியாக அடங்கும்.

அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய அமினோ அமிலம் ஒன்று மாறி உட்கார்ந்தால் முறுக்கு கெட்டுவிடும். லேசாகத் தட்டினாலே எலும்பு முறிகிற பிறவி நோய் சில குழந்தைகளுக்கு வருவது பல நேரம் இதனால்தான். ஆயிரத்துக்கும் மேல் அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறியதற்கு இவ்வளவு பெரிய வேதனை! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனசு கனக்கிறது.

அப்புறம், வைட்டமின் சி இல்லாமல் இந்த முறுக்கு உறுதிப்படாது. அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது அதனால்தான்.

பவுடர் விஷயமா? குடித்த கொலாஜன் நேராகத் தோலுக்குப் போகாது. குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேரும். காசு கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.