திருவாசி மகரத்தின் பல் வரிசை

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்காக வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான தலம் எது? மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குப் பார்வை போனது இங்கேதான். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் கிடைக்கும்வரை அவர் அழுது பாடியதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் சேவிக்கக் கிளம்பிய கூட்டம் மொத்தமும் மதியம் இங்கே இருந்தது. தேரடி மெட்ரோவில் இறங்கி நடக்கும்போதே, "சீக்கிரம் உள்ளே விடுறேன்மா" என்று ஒருவர் பின்னாலேயே வந்து காசு பேசினார். வயதானவர்கள் வெயிலில் கால் கடுக்க நிற்கிறார்கள், அம்மனைப் பார்க்க இப்படி ஒரு பேரமா? மனசு கொதித்தது. வரிசையிலேயே நின்றோம்.

சந்நிதியில் நொடி நேரத் தரிசனம்தான். தள்ளிய தள்ளில் அம்மா உற்சவ அம்மன் பக்கமாக ஒதுங்கிவிட்டாள். பதறிப்போய் கையைப் பிடித்தால், "இங்க பாருடி, பல்லுகூடத் தெரியுது!" என்கிறாள்.

அம்மனைச் சுற்றி வளைந்து நிற்கும் உலோக வளைவான திருவாசியின் அடியில் இரண்டு பக்கமும் மகரம் என்ற கற்பனை விலங்கு. சுருட்டிய துதிக்கை, முதலைத் தாடை, இலைக்கொடி வேலைப்பாடாக விரிந்த வால். பிளந்த வாயிலிருந்துதான் வளைவே புறப்பட்டு, சுடர் சுடராக மேலேறுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும் படிந்த இடுக்கில் அந்தப் பல் வரிசை. மெழுகில் பிடித்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் வார்க்கும் வேலை. அதில் பல்லுக்குப் பல் இடைவெளி விட்டிருக்கிறார் ஸ்தபதி. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

அம்மாவின் கண் மகரத்திலிருந்து சுடர்களைப் பிடித்து உச்சி சிம்ம முகம்வரை போய், அங்கிருந்து அம்மன் முகத்துக்கு இறங்கியது. "மூக்குத்தி பார்த்துட்டேன்" என்றாள். இத்தனை வருஷமும் தீபாராதனை வெளிச்சத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டவள் அவள். தாயே, வேறென்ன கேட்பேன் உன்னிடம்!

புடவை சாத்தியாயிற்று. அப்புறம் ஆதிபுரீஸ்வரர் சந்நிதியில், கவசத்தோடுதான் சுவாமி. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் கவசம் களைவார்கள், அப்போது புற்று வடிவான திருமேனியையும் பார்த்துவிட வேண்டும் என்று அங்கேயே அடுத்த வேண்டுதலை வைத்துவிட்டாள் அம்மா.